நாலரை இஞ்ச் சுவர்

ஓய்வு பெற்று மணமேல்குடிக்கே திரும்பி வந்த பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எக்ஸ்ரே எடுத்தா உடம்புக்குக் கெடுதலா?" டீக்கடையில் கேட்பார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். ஒரு தடவை துக்க வீட்டில்கூடக் கேட்டார்கள். 34 வருடம் அரசு மருத்துவமனைகளில் எக்ஸ்ரே எடுத்தவன் என்பதால் என்னிடம் பதில் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

எடுத்துக்கொண்டவருக்குப் பெரிய கெடுதல் இல்லை என்பேன். ஒரு நெஞ்சுப் படத்துக்கு ஏறக்குறைய 0.02 முதல் 0.1 மில்லிசீவர்ட் கதிர் படும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருக்கும்போதே உலகத்தில் ஒரு மனிதனுக்குச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இன்னும் அதிகம். அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். இவ்வளவும் சொன்னால், "அப்பப் பயமில்லைங்கிறீங்க" என்று எழுந்து போய்விடுவார்கள். உடம்பு சூடாகிவிட்டது என்று படம் எடுத்துவிட்டு நேரே இளநீர்க் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. போகட்டும், இளநீர் நல்லதுதான்.

ஆனால் இத்தனை வருடத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்து அறையில் இருப்பவருக்கு என்ன ஆகும்? இன்றைய கட்டுரை அதைப் பற்றி.

முதலில் கொஞ்சம் பழைய கதை. ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் 1895 நவம்பர் 8-ஆம் தேதி ராண்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தன் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்பும் மோதிரமும் தெரிகிற அந்தப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான். அவர் காப்புரிமை வாங்கவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் குழாய் செய்தார்கள், யார் வேண்டுமானாலும் படம் எடுத்தார்கள். எடிசனிடம் கிளாரன்ஸ் டாலி என்று ஓர் உதவியாளர் இருந்தார். குழாய் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் கையையே நீட்டிச் சோதித்துச் சோதித்து, கைகளை வெட்டி எடுக்கும் நிலை வந்து, 1904-ல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். இப்படி உயிர்விட்ட மருத்துவர்கள், டெக்னீஷியன்கள், செவிலியர் பெயர்களைப் பொறித்து 1936-ல் ஹாம்பர்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நினைவுத்தூண் வைத்தார்கள். முதலில் பொறித்த பெயர்களே 169.

நம் பக்கத்தில் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் 1934-ல் பர்னார்ட் கதிரியல் நிலையம் திறந்தார்கள். நான் வேலைக்கு வந்தபோது இருந்த மூத்த டெக்னீஷியன்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார்கள். அங்கே படித்தவர் என்றால் தனி மரியாதை.

நான் வேலை பார்த்த ஊர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. முதலில் போன இடத்தில் இருட்டறை, மாட்டுத் தொழுவத்தைத் தடுத்தது போல ஒரு மூலையில் இருக்கும். சிவப்பு விளக்கு, டெவலப்பர் தொட்டி, ஹைப்போ தொட்டி, நடுவில் தண்ணீர்த் தொட்டி. ஹைப்போ வாசனை கை விரலில் ஏறிவிட்டால் ரசம் சாதம்கூட அதே வாசனைதான் அடிக்கும். பழைய ஹைப்போவையும் பழைய படங்களையும் வெள்ளி எடுக்கிறவர்கள் வந்து விலைக்குக் கேட்பார்கள். மெஷினை விட அவர்களுக்கு எங்கள் கழிவின் மேல்தான் கண்.

அங்கே முதல் மூன்று வருடம் எங்களுக்குப் பேட்ஜ் கிடையாது. பேட்ஜ் என்பது டி.எல்.டி. பேட்ஜ்; நெஞ்சுக்கு நேரே குத்திக்கொள்கிற சிறிய பட்டை. உள்ளே மூன்று வட்டச் சில்லுகள். டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டை டெஃப்லானில் சேர்த்துச் செய்தவை. பட்ட கதிரை இவை பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்துத் திருப்பி அனுப்பினால் அங்கே சூடுபடுத்துவார்கள். சூட்டில் சில்லு ஒளி விடும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு கதிர். கதிர் வேலை செய்கிறவனுக்கு ஐந்து வருடத்துக்குச் சராசரியாக வருடம் 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒரு தவணையில் 10-ஐத் தாண்டினாலே விசாரணைக் கடிதம் வந்துவிடும்.

அப்படி ஒரு கடிதம் வந்தது. எனக்கு இல்லை, என்னோடு வேலை பார்த்தவருக்கு. மனுஷன் ஆடிப்போய்விட்டார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். ராத்திரி என் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா..." என்று ஆரம்பித்து முடிக்காமலே இருந்தார். மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று மாதத்தையும் நாள் நாளாகப் பின்னோக்கிப் பார்த்தோம். நெஞ்சுப் படம் எடுக்கும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. ஏப்ரனைக் கழற்றும்போது சட்டைக்கு மேல் போட்ட வெள்ளைக் கோட்டையும் அதில்தான் மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போவார். கோட்டில் பேட்ஜ். நாங்கள் அடுத்தவர் வந்து படம் எடுப்போம். மூன்று மாதமும் பேட்ஜ் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தது. மனுஷன் வாசலில் சீட்டுப் பதிந்துகொண்டிருந்தார். அப்படியே எழுதி அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு ஆணியைப் பிடுங்கியது நான்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்கு ஒரு பேட்ஜ் இருந்தது. தவறு நடந்தால் சொல்ல ஒரு சில்லு இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் சட்டையில் எந்தச் சில்லும் இல்லை. பொதுமக்களில் ஒருவருக்கு இப்படிப்பட்ட கருவிகளால் வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது சுவர்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அக்கா மகன் வந்தான். பாரா மெடிக்கல் படித்துவிட்டு வெளியூரில் ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தவன். "மாமா, நம்மூர்லயே எக்ஸ்ரே போடப் போறேன். கடை பிடிச்சாச்சு, அட்வான்ஸ் கொடுத்தாச்சு. நீங்க வந்து ஒரு தடவ பாருங்க" என்றான். எனக்குச் சந்தோஷம்தான். படகில் வழுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கோடு சரிந்தவர்களும் இந்தப் பக்கம் குறைவா? அறந்தாங்கிக்குப் பஸ் ஏறாமல் வேலை முடிந்தால் நல்லதுதானே. குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் என்று பெருமை பேசுவதோடு இப்படியும் ஒன்றிரண்டு வசதி இருக்கட்டும்.

போய்ப் பார்த்தேன். மெயின் ரோட்டில் வரிசையாக ஐந்து கடை. நடுக்கடை இவனுடையது. பத்துக்குப் பன்னிரண்டு. முன்னால் ஷட்டர். இரண்டு பக்கமும் நாலரை இஞ்ச் தடுப்புச் சுவர், அதிலும் ஒரு பக்கம் ஹாலோ பிளாக். இடது பக்கத்துக் கடையில் மொபைல் ரீசார்ஜ். வலது பக்கத்தில் ஒரு பெண் தையல் கடை வைத்திருந்தது. மெஷினைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. ஆறேழு மாதம் இருக்கும், வயிறு தெரிந்தது.

"நெஞ்சுப் படம் ஸ்டாண்டு எங்கடா வரும்?" என்று கேட்டேன்.

வலது சுவரைக் காட்டினான்.

பையில் எப்போதும் ஒரு டேப் வைத்திருப்பேன். பத்துக்குப் பன்னிரண்டு என்றால் 120 சதுர அடி, மீட்டரில் 11 சொச்சம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2001-ல் வெளியிட்ட பாதுகாப்பு நெறிமுறையில் சாதாரண எக்ஸ்ரே அறைக்குச் சொன்னது 18 சதுர மீட்டர். அதாவது 194 சதுர அடி. குடியிருப்போடு சேர்ந்த கட்டடம் என்றால் நேர்க்கதிர் படும் சுவர் 35 சென்டிமீட்டர் செங்கல் கனம், நோயாளி மேல் பட்டுச் சிதறி வரும் கதிருக்கான சுவர் 23 சென்டிமீட்டர். கொத்தனார் பாஷையில் ஒன்றரைக் கல் சுவரும் ஒன்பது இஞ்ச் சுவரும். இவனிடம் இருந்தது நாலரை. அதுவும் நேர்க்கதிர் போகும் திசையில், அந்தப் பெண்ணின் முதுகுக்கு நேரே.

"ஒரு படத்துல என்ன மாமா ஆயிரும்?" என்றான்.

ஒன்றும் ஆகாது. ஆனால் நாளுக்கு முப்பது படம், வருடத்துக்கு முந்நூறு நாள் என்றால் ஒன்பதாயிரம் தடவை. நோயாளி ஒரு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். தையல்காரப் பெண் ஒன்பதாயிரத்துக்கும் உட்கார்ந்திருக்கும். வயிற்றுப் பிள்ளையின் சங்கதியும் வேறு. இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டீவர்ட் என்ற பெண் மருத்துவர், கர்ப்ப காலத்தில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் புற்றுநோய் அதிகம் என்று 1956-லேயே எழுதினார். பல வருடம் அவரை யாரும் நம்பவில்லை. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கக் கர்ப்பிணிகளுக்குப் படம் எடுப்பதில் கை நடுங்க ஆரம்பித்தது. எங்கள் காலத்தில் பெண்களிடம், "தலைக்கு ஊத்தி எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் வயிற்றுப் பக்கம் படம் எடுப்போம். ஆம்பளை கேட்டால் பதில் வராது. ஆயாம்மாவை விட்டுக் கேட்கச் சொல்வோம். அவ்வளவு ஜாக்கிரதை உள்ளே இருக்கிற பெண்ணுக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்ணுக்கு?

மெஷின் பற்றிக் கேட்டேன். மூடிப்போன ஒரு நர்சிங் ஹோமிலிருந்து புரோக்கர் மூலம் பேசி வைத்திருந்தான். பேப்பர் எதுவும் இல்லை. "கரண்ட் போட்டா படம் வருது மாமா." எக்ஸ்ரே மெஷின் என்ன மிக்ஸியா, கை மாற்றி விட? வாரியம் வகை ஒப்புதல் கொடுத்த மெஷினாக இருக்க வேண்டும். விற்பவர் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது வாரியத்துக்குத் தெரிந்து போக வேண்டும். 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் 2004-ல் கொண்டுவந்த கதிர்ப் பாதுகாப்பு விதிகளில் சி.டி. ஸ்கேனுக்கும் ஆஞ்சியோ மெஷினுக்கும் உரிமம், சாதாரண எக்ஸ்ரேவுக்குப் பதிவு என்று வைத்தார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும்.

அப்போதுதான் அவன் எல்லோரும் சொல்கிற அந்த வசனத்தைச் சொன்னான். "எல்லாரும் இப்படித்தான் வெச்சிருக்காங்க."

அதில் பொய் இல்லை என்பதுதான் என் வருத்தம். வாரியம் ஆரம்பித்தது 1983-ல். கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, 2012-ல் மத்திய தணிக்கைத் துறை ஓர் அறிக்கை கொடுத்தது. நாட்டில் இருந்த 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் வாரியத்தில் பதிவானவை 5,270 மட்டுமே. மீதி 91 சதவீதம் கணக்கிலேயே இல்லை. அதைப் படித்த அன்று நான் வேலையில் இருந்தேன். இத்தனை வருடம் பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்சல் கட்டி அனுப்பினவனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு அடுத்த வருடம் இ-லோரா என்று இணையத்திலேயே விண்ணப்பிக்கிற ஏற்பாடு வந்தது. அதற்குப் பிறகு நிலைமை நிறைய மாறியிருக்கிறது. முன்னே பம்பாய்க்குத் தபால் போட்டுக் காத்திருந்த வேலை, இப்போது வீட்டிலிருந்தே முடிகிறது.

இதில் ஒரு வேடிக்கை. 2010-ல் டெல்லி மாயாபுரிப் பழைய இரும்புக் கடையில் கோபால்ட்-60 கிடந்து ஒருவர் செத்துப்போனதும், எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை வாசலில் உட்காரவே ஜனங்கள் பயந்தார்கள். கோபால்ட் இருபத்துநாலு மணி நேரமும் கதிர் விடும். எக்ஸ்ரே குழாய் டியூப்லைட் மாதிரி. ஸ்விட்சை விட்டால் ஒன்றும் இல்லை. ராத்திரி பூட்டின அறைக்குள் நீங்கள் தாராளமாகப் படுத்துத் தூங்கலாம். பயப்பட வேண்டிய இடம் ஒன்று, பயந்த இடம் வேறொன்று.

அக்கா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. "ஏன்டா தம்பி, பெரிய பெரிய ஊர்ல நடக்குறத எல்லாம் வுட்டுட்டு எம்புள்ள கடைக்குத்தான் டேப்பு புடிப்பியா?" என்று கேட்டது. நியாயமான கேள்விதான். அட்வான்ஸில் பாதிதான் திரும்ப வந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் எதுவும் இல்லை. நான் அதிகாரியும் இல்லை. அவன் நினைத்திருந்தால் என்னை விட்டுவிட்டுத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு நாள் ஏதோ சட்டை தைக்கக் கொடுக்கப் போனவன், திரும்பி வந்து, "வேற எடம் பாப்போம் மாமா" என்றான். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பின்தெருவில் ஒரு பழைய ஓட்டு வீடு கிடைத்தது. சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய தடிச் சுவர், அந்தக் காலத்துக் கை. முன் அறையும் தாழ்வாரமும் சேர்த்துத் தேவையான அளவு வந்தது. மேலே தட்டோடு போட்டோம். கதவுதான் பெரும்பாடு. 1.7 மில்லிமீட்டர் ஈயத் தகடு வேண்டும். நாலுக்கு ஏழு கதவுக்குக் கணக்குப் போட்டால் ஈயம் மட்டும் ஐம்பது கிலோ. ஆசாரி முதல் கதவைச் சாதாரணக் கீலில் மாட்டினார், நாலே நாளில் தொங்கிவிட்டது. அதை விடப் பெரிய விஷயம், தகட்டை ஆணி அடித்து ஒட்டுப் பலகையில் பொருத்தியிருந்தார். ஆணி போன இடமெல்லாம் ஓட்டை. தகடும் தகடும் சேரும் இடத்தில் இடைவெளி. கழற்றி, ஒரு தகட்டின் மேல் இன்னொன்று ஏறும்படி வைத்து, பலகைகளுக்கு நடுவே கொடுத்து மறுபடி செய்யச் சொன்னேன். "கோயில் கதவுக்குக்கூட இவ்வளவு பாக்க மாட்டாங்க" என்று முணுமுணுத்தார்.

மெஷின் புதிதாகவே வாங்கினான், கடன்தான். கம்பெனிக்காரர்கள் மாட்டிவிட்டுப் போன பிறகு நான் என் பழைய பரீட்சையை வைத்துப் பார்த்தேன். கொலிமேட்டர் விளக்குப் போட்டு, வெளிச்சம் விழும் கட்டத்தின் நாலு ஓரத்திலும் ரூபாய்க் காசுகளை ஒட்டி வைத்து ஒரு படம் எடுத்தேன். வெளிச்சமும் கதிரும் ஒரே இடத்தில் விழுந்தால் காசு விளிம்பில் தெரியும். தெரிந்தது. நான் பார்த்த தனியார் இடம் ஒன்றில் அந்த விளக்கு பியூஸ் போய் இரண்டு வருடமாக மாற்றாமல் இருந்தார்கள். ஒரு பல்புக்காக, விரல் எலும்பு பார்க்க வந்தவருக்குத் தோள் வரை கதிர். தரச் சோதனை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கருவி வைத்துச் செய்து காகிதம் வாங்க வேண்டும் என்பது சும்மா வைத்த விதி இல்லை. நம் ஊர் உப்புக் காற்றுக்கு இரண்டு வருடமே அதிகம்.

பதிவுக் காகிதம் வருவதற்குள் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. அறையின் வரைபடம், மெஷின் விவரம், தரச் சோதனை அறிக்கை, ஆப்பரேட்டர் படிப்புச் சான்றிதழ், பேட்ஜ், ஈய ஏப்ரன், கதிர்ப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒரு தடவை வரைபடத்தில் கதவு எந்தப் பக்கம் என்று குறிக்காததற்காகத் திருப்பி அனுப்பினார்கள். இடையில் எவனோ ஒருவன் போன் பண்ணி, பணம் கொடுத்தால் தானே வாங்கித் தருவதாகச் சொன்னான். உட்கார்ந்து நாமே நிரப்பலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். நிரப்பினோம். வந்தது.

இப்போது எனக்கு அவனிடம் சண்டை வேறு. எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டது. பிலிம் காலத்தில் கதிர் அதிகம் கொடுத்தால் படம் கறுத்துவிடும், டாக்டர் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளிப்பார், மறுநாள் குறைத்துக்கொள்வோம். டிஜிட்டலில் இரண்டு மடங்கு கொடுத்தாலும் கம்ப்யூட்டர் சரி பண்ணி அழகான படமாகக் காட்டும். குறைத்துக் கொடுத்தால்தான் புள்ளி புள்ளியாக வரும். அதனால் புதுப் பையன்கள் எதற்கும் இருக்கட்டும் என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். யார் கண்ணிலும் படாது. போகும்போதெல்லாம் அவன் மெஷினில் என்ன கிலோவோல்ட், என்ன எம்.ஏ.எஸ். வைத்திருக்கிறான் என்று எட்டிப் பார்ப்பேன். "மாமா வந்துட்டாரு, கொறைங்கடா" என்று உள்ளே குரல் கேட்கும்.

படிக்கிற நீங்கள் எக்ஸ்ரே எடுக்கப் போனால் கவனிக்க ஒன்றிரண்டு சொல்கிறேன். வாசலில் கதிர்ச் சின்னமும் சிவப்பு விளக்கும் இருக்கிறதா பாருங்கள். படம் எடுக்கும்போது கதவைச் சாத்துகிறார்களா பாருங்கள். பதிவுக் காகிதம் எங்கே என்று கேட்டால் கோபப்படக் கூடாது; கோபப்பட்டால் புரிந்துகொள்ளுங்கள். குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் ஏப்ரன் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அது மடித்து வைத்த ஏப்ரனாக இருந்தால் மடிப்பில் உள்ளே வெடித்திருக்கும், தொங்கவிட்டதைக் கேளுங்கள். முழுகாமல் இருந்தாலோ, இருக்குமோ என்று சந்தேகம் இருந்தாலோ, யாரும் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். கடை வரிசையில் உங்கள் கடைக்குப் பக்கத்தில் எக்ஸ்ரே போர்டு ஏறினால், நெஞ்சுப் படம் ஸ்டாண்டு எந்தச் சுவரில் என்று போய்க் கேளுங்கள்.

நம் பக்கத்தில் யாராவது புதிதாக ஆரம்பிப்பதாக இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் சொல்லுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். டேப் என்னிடமே இருக்கிறது.